சவலைக் கன்று

“ஏன்டா, செடிக்கு உடம்பு சரியில்லன்னு லீவு போட்டியாமே, நெசமாவா?”

அக்கா ஈப்போவிலிருந்து அழைத்திருந்தார். நான் அப்போது எடின்பரோவில் வேலையில் இருந்தேன். அரை நாள்தான், மண் மாற்ற வேண்டியிருந்தது என்று சமாளித்தேன். அக்கா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பின்னால் அப்பா இருமும் சத்தம் கேட்டது. “சரி, வைக்கிறேன். அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கணும்” என்று வைத்துவிட்டார்.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி அன்றைக்கே அதை மறந்திருப்பேன். திட்டாததால் அந்த அழைப்பு மனதில் தங்கிவிட்டது. ஒரு சாடியில் இருக்கும் விரல் நீளச் செடிக்காக அரை நாள் லீவு போடுகிறவன், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட தகப்பனுக்காக அந்த வருடம் எத்தனை நாள் லீவு போட்டான்? ஏழு நாள். அதில் விமானப் பயணம் இரண்டு நாள்.

இந்தக் கட்டுரை அந்தச் செடியைப் பற்றியது. அப்பாவைப் பற்றியும்தான்.

செடி ராட்சத செக்குவோயா. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், ஏறக்குறைய 1,400 மீட்டரிலிருந்து 2,200 மீட்டர் வரையான உயரத்தில், திட்டுத்திட்டாகச் சில தோப்புகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். அங்கே நிற்கும் ஜெனரல் ஷெர்மன் என்ற மரத்தின் உயரம் ஏறக்குறைய 84 மீட்டர். அடிமரத்தின் கன அளவை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப்பெரிய மரம் அதுதான். வெட்டுண்ட ஒரு செக்குவோயாவின் வளையங்களை எண்ணியபோது 3,266 ஆண்டுகள் கணக்கு வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய மரத்தின் விதை ஓட்ஸ் செதிலைவிட மெல்லியது. ஒரு கிலோவில் இரண்டு லட்சம் விதைகள் வரை இருக்கும்.

பிரிட்டனுக்கு இந்த மரம் புதிதல்ல. 1853-லேயே விதைகள் கப்பலேறி வந்துவிட்டன. ஸ்காட்லாந்தின் பென்மோர் தாவரத் தோட்டத்தில் 1863-ல் நட்ட செக்குவோயாக்கள் இரு வரிசையாக, ஐம்பது மீட்டரையும் தாண்டி நிற்கின்றன. அங்கே போய்வந்த வாரம்தான் எனக்குப் பித்துப் பிடித்தது. ஐம்பது விதைகள் கொண்ட ஒரு பொட்டலம் வாங்கினேன்.

விதைகளை ஈரக் காகிதத்தில் சுற்றி, நெகிழிப் பையில் போட்டு, குளிர்பெட்டியில் தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் வைத்தேன். பனிக்காலம் வந்து போனது என்று விதையை நம்பவைக்கும் ஏமாற்று வேலை அது. பிறகு மணலும் பெர்லைட்டும் கலந்த மண்ணில் தூவி ஜன்னலோரம் வைத்தேன். பதினொன்று முளைத்தன. நூல் மாதிரி ஒரு தண்டு, உச்சியில் நாலைந்து ஊசி இலைகள். சிலவற்றின் தலையில் விதையோடு தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்குள் நான்கு செத்தன. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நீரில் ஊறியதுபோல் இளைத்து, காலையில் நின்றது மாலையில் படுத்துக் கிடக்கும். ஈரம் அதிகமானால் பூஞ்சை செய்கிற வேலை இது. நான் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பயத்தில்தான். காய்ந்துவிடுமோ என்ற பயத்தில்.

மிச்சம் ஏழு. ஒரு சாடியில் மட்டும் இரண்டு கன்றுகள் ஒட்டி முளைத்திருந்தன. பலமில்லாததைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிட வேண்டும், பிடுங்கினால் மற்றதன் வேரும் அறுந்துவிடும் என்பது நாற்று வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த முறை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், வெட்ட மனம் வராமல் திரும்பி வந்தேன். ‘இரண்டையும் காப்பாற்றுவோமே’ என்று வேரைப் பிரித்து நட்டேன். ஒன்று செத்தது. இன்னொன்று இரண்டு மாதம் வளராமல் அப்படியே நின்றது. என் இரக்கம் ஒன்றைக் கொன்று, ஒன்றை முடக்கியது.

அங்கேதான் முதல் கேள்வி வந்தது. முதிர்ந்த ஒரு செக்குவோயா ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகளைச் சிந்தக்கூடும். அவற்றில் ஒன்றுகூட மரமாகாமல் பல பத்தாண்டுகள் போகலாம். காட்டில் இந்தச் சாவுகளுக்கு யாரும் பொறுப்பில்லை, யாரும் அழுவதில்லை. அதே விதை என் ஜன்னலுக்கு வந்தவுடன் ஒவ்வொரு சாவும் என் கணக்கில் ஏறுகிறது. விதை மாறவில்லை. நான் கை வைத்தேன், அவ்வளவுதான். ஒரு உயிருக்கு நான் பொறுப்பாவதற்கு அது அரியதாகவோ அறிவுள்ளதாகவோ இருக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. அது பிழைப்பதற்கான வழிகளை எல்லாம் அடைத்துவிட்டு, ‘இனி நான்தான் உன் மழை’ என்று நான் வந்து நின்றுவிட்டால் போதும்.

அந்த வருடம் டிசம்பரில் ஆறு கன்றுகளும் நிறம் மாறின. பச்சை போய் செம்பு கலந்த ஊதா. மாடிப்படிக்குப் பக்கத்தில் வெளியே வைத்திருந்த சாடிகளைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளிரில் செத்துக்கொண்டிருக்கின்றன என்று முடிவு செய்துவிட்டேன். நம்ம ஊர்க்காரனுக்குக் குளிர் என்றால் நோய்தானே! நான்கு சாடிகளை உள்ளே கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். அதற்குமேல் இடமில்லை. இரண்டு வெளியிலேயே கிடந்தன. அவற்றை நினைத்து இரண்டு மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

பிப்ரவரிக்குள் உள்ளே வைத்த நான்கில் மூன்று போய்விட்டன. ஹீட்டரின் வறட்சியில் இலைகள் காய்ந்தன. காய்வதைப் பார்த்து நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற வேர் அழுகியது. சாம்பல் பூஞ்சை படர்ந்தது. நான்காவது, பாதி பழுப்பாகி, ஒரே ஒரு பக்கக் கிளையில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் அந்த அரை நாள் லீவு. வெளியே கிடந்த இரண்டும் ஏப்ரலில் செம்பு நிறத்தை உதறிவிட்டுப் பச்சையாகித் துளிர்விட்டன. இளம் செக்குவோயாக்கள் கடும் குளிரில் நிறம் மாறுவது இயல்பு என்று அதன்பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அது நோயல்ல, ஓய்வு. ஓய்வை நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் போன பிறகு யோசித்தால், நான் அந்த நான்கையும் பார்க்கவே இல்லை என்று தோன்றுகிறது. ஒரு நாளைக்கு ஐந்து முறை ஜன்னலருகே போனேன், ஆனால் பார்த்தது என் பயத்தை. பயந்துகொண்டிருப்பவன் ஏதாவது செய்தாக வேண்டும். சும்மா இருப்பது குற்றம் என்று அவனுக்குத் தோன்றும். அந்தத் தவிப்பை அன்பு என்று நாம் எளிதாகப் பெயர் மாற்றிக்கொள்கிறோம். உண்மையில் கன்றுக்கு வேண்டியிருந்தது குளிரும் என் கையிலிருந்து கொஞ்சம் தூரமும்.

பாட்டி இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அவர் பேராக்கில் ஒரு தோட்டத்தின் நாற்றுமேடையில் பல வருடம் வேலை செய்தவர். ரப்பர் கன்றுகளில் தேறாதவற்றைப் பார்த்துப் பிடுங்கிப் போடுவது அவர் வேலையில் ஒரு பகுதி. இளைத்த கன்றை ‘சவலை’ என்பார். “பாவம்னு விட்டா, அது நிக்கிற எடத்துல நிக்க வேண்டியது நிக்காது” என்பது அவர் நியாயம். கணக்குப்பிள்ளையின் நியாயமும் அதுதான். ஆனால் பாட்டி சொல்லும்போது அதில் கொடுமை தெரியாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பிடுங்கியவரின் களைப்புதான் தெரியும்.

அதே பாட்டி அப்பாவையும் சவலை என்றுதான் சொல்வார். அப்பா பிறந்து வருடம் திரும்புவதற்குள் சித்தப்பா பிறந்துவிட்டார். தாய்ப்பால் அவருக்குப் போய்விட்டது. அப்பா வயிறு பெருத்து, கைகால் சூம்பிக் கிடந்தாராம். லயத்தில் பக்கத்து வீட்டில் ஆடு வைத்திருந்தார்கள். பாட்டி அவர்கள் வீட்டுத் துணியைத் துவைத்துக் கொடுத்து, அதற்குப் பதிலாக ஆட்டுப்பால் வாங்கி ஊட்டித் தேற்றியிருக்கிறார்.

சவலை என்ற சொல்லை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அது பலவீனமான பிள்ளை என்று பொருள்படும் சொல் அல்ல. பால் கிடைக்காமல் போன பிள்ளை என்று பொருள். பழி பிள்ளை மேல் இல்லை, அதற்கு நேர்ந்ததில் இருக்கிறது. பாட்டி நாற்றுமேடையிலும் தொட்டிலிலும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார். ஆனால் ஒன்றைப் பிடுங்கினார், ஒன்றுக்குப் பால் தேடினார். கன்று தோட்டத்துக்குச் சொந்தம், பிள்ளை தனக்குச் சொந்தம் என்பதுதான் வித்தியாசமா? மரம் வேறு மனிதன் வேறு என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நாற்றுமேடையின் கன்றுகள் பாட்டியை நம்பி வரவில்லை. பாட்டியும் கூலிக்காக அங்கே நிறுத்தப்பட்டவர். என் ஜன்னலின் சவலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. நானே வாங்கி, நானே முளைக்கவைத்து, நானே ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சவலையாக்கினேன். அதைப் பிடுங்கிப்போட பாட்டிக்கு இருந்த நியாயம் எனக்குக் கிடையாது.

தொட்டிச் செடி வளர்ப்பது அப்பாவியான காரியம் என்று மலேசியத் தமிழன் நினைக்கவும் முடியாது. 1876-ல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகக் கொஞ்சம். அவற்றில் 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. யாரோ சில தோட்டக்காரர்கள் அவற்றுக்கு நிழல் கட்டி, தண்ணீர் ஊற்றி, வாடியவற்றைத் தேற்றியிருப்பார்கள். அக்கறையோடுதான் செய்திருப்பார்கள். என் முன்னோர் கப்பலேறியதும், பாட்டி நாற்றுமேடையில் குனிந்ததும், நான் இன்று இந்த நாட்டிலிருந்து இந்த மொழியில் எழுதுவதும் அந்த அக்கறையின் பின்விளைவுகள். ஒரு கன்றைத் தேற்றுகிறவனுக்கு அது எதுவாக வளரும் என்று தெரியாது. அதனால் தேற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘நல்ல மனசோடு செய்தேன்’ என்பது முழுப் பதில் ஆகாது என்கிறேன்.

இதே கேள்வி இப்போது செக்குவோயாவின் சொந்தக் காட்டிலேயே எழுந்திருக்கிறது. இந்த மரத்துக்குத் தீ எதிரியல்ல. இருபது ஆண்டுகள்வரை பச்சையாக மூடியே இருக்கக்கூடிய அதன் கூம்புகள் தீயின் சூட்டில் உலர்ந்து திறந்து விதைகளைக் கொட்டுகின்றன. சருகு எரிந்து வெறுமையான மண்ணில்தான் விதை வேர் பிடிக்கும். நல்ல எண்ணத்தோடு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக அங்கே தீயை அணைத்துக்கொண்டே இருந்தார்கள். எரியாமல் சேர்ந்த சருகும் புதரும், வெப்பமேறிய பூமியின் வறட்சியும் சேர்ந்து, 2020-ல் வந்த காஸல் தீ மட்டும் 7,500-க்கும் 10,600-க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் பெரிய செக்குவோயாக்களைக் கொன்றது. மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கும் மேல். அடுத்த ஆண்டுத் தீக்களில் இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் போயின. ஹீட்டர் பக்கத்து ஜன்னலேதான். அளவு மட்டும் பெரிது.

சில தோப்புகளில் விதை போடக்கூடத் தாய்மரங்கள் மிஞ்சவில்லை. எனவே நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளைக் கொண்டுபோய் நடுவது என்று 2023-ல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை முடிவு செய்தது. சில சூழலியல் அமைப்புகள் எதிர்த்து நீதிமன்றம் போயின. மனிதக் கை படாதிருக்கட்டும் என்று சட்டம் போட்டு ஒதுக்கிய காட்டில் கன்று நட்டால் அது காடா, தோட்டமா என்பது அவர்கள் கேள்வி. இயற்கை தானே மீண்டு வரும், பொறுங்கள் என்பது அவர்கள் வாதம்.

என் இரண்டு வெளிச்சாடிகளை நினைத்தால் அவர்கள் பக்கம் சாய்வேன். விட்டுவிட்டால் பிழைத்தவை அவைதானே. ஆனால் சவலையை நினைத்தால் முடியவில்லை. கெடுத்தவன் நான் என்றால் ‘இனிமேல் இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று நான் விலகிப்போவது பணிவாகத் தெரியலாம். எனக்கு அது நழுவலாகத்தான் படுகிறது. தலையிட்டுக் கெடுத்தவனுக்குத் தலையிடாமல் இருக்கும் உரிமை கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அந்தக் காட்டில் நடவேண்டும் என்றே நினைக்கிறேன். நட்டுவிட்டு, அவை செத்தாலும் பிழைத்தாலும் போய்ப் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு நியாயம் பேசுகிற நான் என்ன செய்தேன்?

மூன்றாவது வருடம் வேலையை விட்டு ஊர் திரும்ப முடிவானது. கன்றுகளைக் கொண்டுவர முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், பனிக்காலமே இல்லாத ஈப்போ வெயிலில் அவற்றைக் கொண்டுவந்து வைப்பது இன்னொரு ஹீட்டர். இரவோடு இரவாக நகரத்துக் குன்றில் நட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஐம்பது மீட்டர் வளரப்போகிற ஒன்றை, யாரையும் கேட்காமல், இன்னும் பிறக்காதவர்களின் இடத்தில் வைத்துவிட்டு விமானம் ஏறுவது திருட்டுக்குச் சமம் என்று பட்டது. கடைசியில், நகரத்துக்கு வெளியே கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற சக ஊழியர் ஒருவர் முன்வந்தார். “இரண்டுதான் என்னால் முடியும்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மூன்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு பச்சைக் கன்றுகளுக்கும் அவர் குழி தோண்டி வைத்திருந்தார். சாடியிலிருந்து எடுத்தபோது வேர்கள் அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தன. அவர் விரலால் பிரித்துவிட்டு நட்டார். பிறகு என் கையிலிருந்த மூன்றாவது சாடியைப் பார்த்தார். மற்றவற்றில் பாதி உயரம், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “சரி, அங்கே வைத்துவிட்டுப் போ” என்றார்.

திரும்பிவரும் வழியில் நிம்மதியாக இருந்தது. பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டுதான் முடியும் என்று சொன்ன எழுபது வயது மனிதரிடம், அவர் மறுக்க முடியாதபடி பேசாமல் நின்று, மூன்றாவதைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கன்றைக் கொல்ல எனக்கு மனமில்லை, வளர்க்க எனக்கு இடமில்லை. என் இரக்கத்துக்கான செலவை இன்னொருவர் கட்டும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். அதோடு, இதில் எனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது என்பதும் உறைத்தது. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கவே கூடாது என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னவன் நான். இரவில் மூன்று முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர் அக்கா. மாதாமாதம் பணம் அனுப்பினேன், அது உண்மை. ஆனால் ‘இல்லம் வேண்டாம்’ என்ற என் மேன்மையான முடிவுக்கு அக்காவின் தூக்கம் விலையாகப் போனது.

செடி எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்பதும் இப்போது புரிகிறது. செடி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. தாமதமாக வந்தாய் என்று சொல்லாது. எச்சில் ஒழுகும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்ளாது. இதனால் செடி மீதான அன்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் திரும்பி வரக் கற்றது அங்கேதான். ஆனால் எளிதான இடத்தில் பழகிய கருணையை முழுக் கருணை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஈப்போவில் இருக்கிறேன். இரவுமுறை என்னுடையது. வந்த முதல் மாதத்தில் அப்பாவை ஒரு வழி பண்ணிவிட்டேன். மணிக்கொரு தரம் தண்ணீர் குடிக்கச் சொல்வேன், தலையணையைச் சரி செய்வேன், பதில் வராவிட்டால் தொட்டு எழுப்புவேன். ஒருநாள் மத்தியானம் அப்பா அசையாமல் கிடந்தார், முகம் வெளிறித் தெரிந்தது. “அப்பா, அப்பா” என்று உலுக்கப் போனேன். சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

“டேய், தூங்குறாருடா. விடு.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா போய்ப் படுத்தார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அந்த மூன்றாவது கன்று என்ன ஆனது என்று நிலத்துக்காரருக்கு எழுதிக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் மன்னிப்பும் கேட்க வேண்டும்.